கடலுக்குள் ஒரு வாசற்படி: பனிக்கட்டி வெட்டிய ஃபியர்டுகள்

நண்பர்களே, முதலில் ஒரு சின்னக் கேள்வி. கடலில் ஆழம் எங்கே அதிகம்? கரையோரத்திலா, கரையை விட்டு விலகிய இடத்திலா? விலகப் போகப் போகத்தான் ஆழம் கூடும் என்று ஆறாம் வகுப்புப் பையன்கூடச் சொல்லிவிடுவான். ஆற்று முகத்துவாரத்திலும் அதே கதைதான்.

ஆனால் நார்வே நாட்டின் மேற்குக் கரையில் இந்த விதி தலைகீழாகிறது. அங்கே சோக்னே ஃபியர்டு என்று கடலின் நீண்ட கை ஒன்று மலைகளைப் பிளந்துகொண்டு சுமார் 205 கிலோமீட்டர் நாட்டுக்குள் போகிறது. அதன் வாயில், அதாவது திறந்த கடலைச் சந்திக்கும் இடத்தில், ஆழம் 200 மீட்டருக்கும் குறைவு. அங்கிருந்து கப்பலை ஊர்ப் பக்கம் திருப்பி உள்ளே ஓட்டினால் அடியில் தரை இறங்கிக்கொண்டே போகிறது. 1,300 மீட்டர் வரை! இரண்டு பக்கமும் ஆப்பிள் தோட்டம், சர்ச், பள்ளிக்கூடம். நடுவிலே ஒரு கிலோமீட்டருக்கு மேல் ஆழமான கடல். 'என்னய்யா இது அநியாயம்' என்று தோன்றுகிறதல்லவா? இந்த ஒரு முரண்பாட்டுக்கு விடை கண்டுபிடித்துவிட்டால் ஃபியர்டு என்பதன் முழு ஜாதகமும் கைக்கு வந்துவிடும்.

இதைத் தோண்டியது கடல் அல்ல. ஆறும் அல்ல. பனிக்கட்டி.

மெதுவான பொருள், கடினமான வேலை

கடந்த சுமார் 26 லட்சம் ஆண்டுகளில் வட ஐரோப்பா பலமுறை பனிக்கு அடியில் போய் வெளியே வந்திருக்கிறது. கடைசிப் பனி யுகம் உச்சத்தில் இருந்தது ஏறக்குறைய 20,000 ஆண்டுகளுக்கு முன்பு. அதற்கெல்லாம் முன்னால் அங்கே சாதாரண ஆற்றுப் பள்ளத்தாக்குகள்தான் இருந்தன. பாறையில் எங்கே விரிசலும் பலவீனமும் இருந்ததோ, அந்த வழியில் ஆறு ஓடியது. பிறகு வந்த பனியாறு அதே வழியைப் பிடித்துக்கொண்டது.

ஆறு வெட்டினால் பள்ளத்தாக்கின் குறுக்குவெட்டு ஆங்கில 'வி' போல இருக்கும். பனியாறு வெட்டினால் 'யு' போல இருக்கும் என்று புவியியல் புத்தகத்தில் படித்திருப்போம். என்னைக் கேட்டால் நம்ம தமிழ் 'ப' இன்னும் பொருத்தம். இரண்டு பக்கம் செங்குத்துச் சுவர், கீழே தட்டையான தரை. சோக்னே ஃபியர்டின் அடித்தரை பல இடங்களில் அப்படித்தான் தட்டையாக இருக்கிறது. பனி போன பிறகு வண்டல் வந்து படிந்து அதைச் சமப்படுத்தியிருக்கிறது.

பனிக்கட்டி எப்படிக் கருங்கல்லை வெட்டும்? மோஸ் கடினத்தன்மை அளவில் உருகுநிலைக்குப் பக்கத்தில் இருக்கும் பனிக்கட்டிக்கு 2 கூட வராது. நார்வேயின் நைஸ் பாறையோ 6, 7 என்று நிற்கிறது. மெக்கானிக்கல் பிரிவு நண்பர்களுக்கு இதற்கு விடை உடனே தெரியும். எமரி வீலில் வெட்டுவது வீலின் பசையா? இல்லை, பசைக்குள் பிடிபட்டிருக்கும் துகள். பனியாறும் அப்படித்தான். பனி என்பது பசை. அதன் அடியில் பிடிபட்டுக் கிடக்கும் கல்லும் பாறைத் துண்டும்தான் பல். தேய்த்துத் தேய்த்துப் போகிறது. தேய்ந்து விழும் மாவு தண்ணீரில் மிதந்து வந்து இன்றைக்கும் கோடைக்காலத்தில் சோக்னேயின் உட்கிளையான லுஸ்டர் ஃபியர்டைப் பால் கலந்த பச்சை நிறமாக்குகிறது. அந்த மாவு வருவது ஐரோப்பியக் கண்டத்தின் பெருநிலப்பரப்பிலேயே மிகப் பெரிய பனிப்பரப்பான யூஸ்டடால் பனிப்பரப்பிலிருந்து.

தேய்ப்பது ஒரு வேலை. பிடுங்குவது இன்னொரு வேலை. அதைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன். பனியின் அடியில் பிரஷர் அதிகமானால் அதன் உருகுநிலை கொஞ்சம் கீழே இறங்கும். 1,500 மீட்டர் பனிக்கு அடியில் சுமார் ஒரு டிகிரி இறங்குகிறது. அதனால் பாறை மேட்டின் முன்பக்கம், பிரஷர் கூடும் இடத்தில், பனி உருகுகிறது. அந்தத் தண்ணீர் பாறை இடுக்குகளில் நுழைகிறது. மேட்டின் பின்பக்கம் பிரஷர் குறைந்ததும் மறுபடி உறைகிறது. உறைந்த பனி கல்லைக் கவ்விக்கொள்கிறது. பின்னால் தள்ளும் பனி இழுக்கிறது. கல் பெயர்ந்து வருகிறது. கோணியில் ஒட்டிய செங்கல் மாதிரி கூடவே போய்விடுகிறது. பெயர்ந்த கல் அடுத்த கல்லைத் தேய்க்கும் பல்லாகிறது.

கொஞ்சம் கணக்கு

சோர்ந்துவிடாதீர்கள், சின்னக் கணக்குதான். பனிக்கட்டியின் அடர்த்தி ஒரு கன மீட்டருக்கு 917 கிலோ. 1,500 மீட்டர் கனம் என்றால் கீழே ஒவ்வொரு சதுர மீட்டரிலும் சுமார் 1,375 டன் லோடு. சதுர சென்டிமீட்டருக்கு 137 கிலோ. நம்ம எம்-15 கான்கிரீட் கியூப் 28-ஆம் நாள் டெஸ்டில் தாங்க வேண்டியதே ஏறக்குறைய 150 கிலோதான். அந்த அளவு லோடு வெறுமனே உட்கார்ந்திருக்கவில்லை, நகர்ந்துகொண்டே இருந்தது. அடியில் தேங்கும் உருகுநீர் இந்த லோடில் ஒரு பங்கைத் தாங்கிக்கொள்ளும் என்பதையும் மறக்கக் கூடாது. முழு லோடும் பாறை மேல் விழாது.

அடுத்த கேள்வி: கடல்மட்டத்துக்குக் கீழே எப்படி வெட்டியது? ஆறு கடல்மட்டத்துக்கு வந்ததும் வேகம் செத்துவிடும். பனிக்கட்டியோ மிதக்கிற வரைக்கும் விடாது. ஆர்க்கிமிடீஸ் விதியைப் போட்டுப் பாருங்கள். கடல்நீரின் அடர்த்தி 1,025. 917-ஐ 1,025-ஆல் வகுத்தால் 0.895. அதாவது 1,000 மீட்டர் கனமுள்ள பனியைத் தூக்க சுமார் 895 மீட்டர் ஆழத் தண்ணீர் வேண்டும். 1,300 மீட்டர் ஆழத்தில் தரையைத் தொட்டுக்கொண்டிருக்க 1,450 மீட்டருக்குக் கொஞ்சம் மேல் பனி இருந்தால் போதும். சோக்னேயின் கரைமலைகள் நீர்மட்டத்துக்கு மேல் 1,000 மீட்டருக்கு மேல் எழும்புகின்றன. பள்ளத்தாக்கு முழுக்கப் பனி நிறைந்திருந்த காலத்தில் அது மிதக்கவே வழியில்லை. தரையை அழுத்தித் தேய்த்துக்கொண்டேதான் போயிருக்கிறது.

சரி, ஏன் நடுவில் ஆழம், வாயில் மேடு? இங்கேதான் நம்ம ஹைட்ராலிக்ஸ் பாடம் உதவுகிறது. டிஸ்சார்ஜ் என்பது ஏரியாவை வெலாசிட்டியால் பெருக்கிய தொகை. லுஸ்டர், ஓர்டால், லார்டால், ஔர்லாண்ட், ஃபியர்லாண்ட் என்று ஒவ்வொரு கிளையிலிருந்தும் பனி வந்து நடுத் தண்டில் சேர்கிறது. டிஸ்சார்ஜ் கூடிக்கொண்டே போகிறது. அகலமோ கூடவில்லை, கெட்டியான பாறைச் சுவர், நாலைந்து கிலோமீட்டர்தான். அப்படியானால் வேகம் கூட வேண்டும், அல்லது ஆழம் கூட வேண்டும். இரண்டும் நடந்தன. வேகம் கூடியதால் தேய்ப்பு கூடியது, தேய்ப்பு கூடியதால் ஆழம் கூடியது.

கடற்கரை நெருங்கியதும் கதை மாறுகிறது. அங்கே மலைச் சுவர்கள் தாழ்ந்துவிடுகின்றன. பனி பக்கவாட்டில் விரிந்து பரவுகிறது, கனம் குறைகிறது, ஓரத்தில் மிதந்து உடைகிறது. அழுத்தம் போனது, வெட்டும் வேலையும் நின்றது. அதனால் வாயிலில் பாறை வெட்டப்படாமல் நின்றுவிட்டது. சில ஃபியர்டுகளில் பனியாறு கொண்டுவந்து கொட்டிய கல்லும் மண்ணும் அதன் மேல் குவிந்து இன்னும் உயர்த்தியிருக்கின்றன. இதுதான் ஃபியர்டின் வாசற்படி. வீட்டுக்குள் பள்ளம், வாசலில் படி!

படி செய்யும் வேலை

இந்த வாசற்படி சும்மா கிடக்கவில்லை. உள்ளே இருக்கும் தண்ணீரின் தலைவிதியை அதுதான் எழுதுகிறது. ஆறுகளும் உருகுபனியும் கொண்டுவரும் நன்னீர் லேசானது. உப்புநீருக்கு மேலே ஏடு போலப் படர்ந்து வெளியே கடலுக்கு ஓடுகிறது. அது போகிற போக்கில் அடியிலிருந்து உப்புநீரைக் கொஞ்சம் இழுத்துக்கொண்டு போவதால், ஈடுகட்ட மேலேட்டின் கீழே கடல்நீர் உள்ளே வருகிறது. படிக்கு மேலே உள்ள தண்ணீர் இப்படி மாறிக்கொண்டே இருக்கும். படிக்குக் கீழே உள்ள தண்ணீர்? வெளியிலிருந்து அதைவிடக் கனமான உப்புநீர் படியைத் தாண்டி வழிந்து வந்தால்தான் அது நகரும். வராவிட்டால் தேங்கிக் கிடக்கும்.

தெற்கு நார்வேயில் ஃபிராம்வாரன் என்ற ஃபியர்டு இதற்கு உச்சகட்ட உதாரணம். ஆழம் 180 மீட்டருக்கு மேல். வாசற்படியின் மேல் தண்ணீர் சுமார் இரண்டே மீட்டர்! சுமார் 20 மீட்டருக்குக் கீழே ஆக்சிஜனே கிடையாது. அழுகிய முட்டை நாற்றமடிக்கும் ஹைட்ரஜன் சல்ஃபைடு நிறைந்து கிடக்கிறது. கெமிஸ்ட்ரி லேபில் கிப்ஸ் உபகரணத்தின் பக்கம் போனவர்களுக்கு அந்த மணத்தைப் பற்றி விளக்க வேண்டியதில்லை. சோக்னேயின் படி ஆழமாக இருப்பதால் அங்கே இந்த நிலைமை இல்லை.

தொங்கும் பள்ளத்தாக்கும் தொங்கும் கம்பியும்

பெரிய பனியாறு ஆழமாக வெட்டியது, பக்கத்தில் வந்து சேர்ந்த குட்டிப் பனியாறு அவ்வளவு வெட்டவில்லை. பனி இருந்தபோது இரண்டின் மேல்மட்டமும் சமமாகத் தெரிந்திருக்கும். பனி போனதும் குட்டிப் பள்ளத்தாக்கின் தரை சுவரின் பாதி உயரத்தில் அந்தரத்தில் நிற்கிறது. அங்கிருந்து ஆறு அப்படியே அருவியாக விழுகிறது. நூற்றுக்கணக்கான மீட்டர் ஹெட், அதுவும் கொஞ்ச தூரத்திலேயே! பெல்டன் வீலுக்கு இதைவிட என்ன வேண்டும்? நார்வேயின் மின்சாரத்தில் ஏறக்குறைய பத்தில் ஒன்பது பங்கு தண்ணீரிலிருந்துதான் வருகிறது. இந்தத் தொங்கு பள்ளத்தாக்குகள் அதற்கு ஒரு பெரிய காரணம்.

எலெக்ட்ரிகல் நண்பர்களுக்கு ஒரு செய்தி. அந்த மின்சாரத்தை ஃபியர்டைத் தாண்டிக் கொண்டுபோக வேண்டுமே? நடுவில் டவர் நட முடியாது. ஒரு மலையிலிருந்து மறு மலைக்கு ஒரே தாவல்தான். சோக்னேயின் குறுக்கே 1955-இல் இழுத்த கம்பியின் ஸ்பான் நாலரை கிலோமீட்டருக்கும் மேல். கிரீன்லாந்தில் அமெராலிக் ஃபியர்டின் குறுக்கே 1993-இல் போட்டது 5,376 மீட்டர்.

சிவில்காரர்களாகிய நமக்கு அவ்வளவு அதிர்ஷ்டம் இல்லை. 1,300 மீட்டர் ஆழத்தில் பியருக்கு எங்கே அஸ்திவாரம் போடுவது? அதனால் பெர்கனுக்கு வடக்கே 1994-இல் திறந்த நூர்ஹோர்ட்லாண்ட் பாலத்தின் பெரும்பகுதி மிதக்கும் பாலம்; சோக்னேயின் ஔர்லாண்டுக்கும் லார்டாலுக்கும் இடையே 2000-இல் 24.5 கிலோமீட்டர் ரோடு டனல், உலகிலேயே நீளமானது. சோக்னேயின் நடுத் தண்டிலோ இன்னமும் ஃபெர்ரிதான்.

முட்டை எடுத்த பிறகு

இதுவரை சொன்னது பழைய கதை. இனிச் சொல்லப்போவதுதான் அங்கே குடியிருப்பவர்களின் கவலை.

ஆழமான பள்ளம் தோண்டும்போது பக்கச் சுவர் சரியாமல் இருக்க முட்டுக் கொடுப்போம் இல்லையா? ஃபியர்டின் சுவர்களுக்குப் பனியாறுதான் முட்டு. ஆயிரக்கணக்கான ஆண்டுகள் சுவரை வெட்டியதும் அதுதான், தாங்கிப் பிடித்ததும் அதுதான். சோக்னேயின் உட்பகுதியிலிருந்து ஏறக்குறைய 10,000 ஆண்டுகளுக்கு முன்பு அது உருகி விலகிவிட்டது. முட்டு எடுத்தாயிற்று, சுவர் நிற்கிறது. ஆனால் நிம்மதியாக நிற்கவில்லை. லோடு நீங்கிய பாறை வெளிப்பக்கம் விரிகிறது. சரிவுக்கு இணையாக வெங்காயத் தோல் போல விரிசல் விழுகிறது. அதில் மழைத்தண்ணீர் இறங்குகிறது. குளிர்காலத்தில் உறையும்போது தண்ணீரின் கன அளவு 9 சதவீதம் கூடுகிறது. ஆப்பு அடிப்பது போல ஒவ்வொரு வருடமும் கொஞ்சம் கொஞ்சமாகப் பிளக்கிறது.

மக்கள் எங்கே குடியிருக்கிறார்கள்? செங்குத்துச் சுவரில் வீடு கட்ட முடியாது. ஃபியர்டின் உள்முனையில் ஆறு கொட்டிய வண்டல்தான் கிடைக்கிற ஒரே சமதரை. பனியின் பாரம் நீங்கி நிலம் மேலே எழும்பியதால் பழைய வண்டல் திட்டுகள் இன்றைய கடல்மட்டத்துக்கு 100 மீட்டர் உயரத்தில்கூட மேடையாக நிற்கின்றன. ஆனாலும் படகுத்துறை, வயல், கடை எல்லாம் தண்ணீர் ஓரத்துத் தாழ்தரையில்தான். சுவரும் ஆழத் தண்ணீரும் குடியிருப்பும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டு நிற்கின்றன.

தாஃபியர்டு என்ற சிறிய ஃபியர்டில், 1934 ஏப்ரல் 7 அதிகாலை, சுமார் 700 மீட்டர் உயரத்திலிருந்து பாறை பெயர்ந்து விழுந்தது. அடியில் கிடந்த கல்லையும் மண்ணையும் சேர்த்து இருபது முப்பது லட்சம் கன மீட்டர். பக்கத்துக் கரையில் அலை 62 மீட்டர் உயரம் ஏறியது. தாஃபியர்டு, ஃபியோரோ என்ற இரண்டு கிராமங்களில் 40 பேர் தூக்கத்திலேயே போனார்கள். இதில் வேதனை என்னவென்றால் மேலே வெடிப்பு இருப்பது ஊரில் தெரிந்த விஷயம்தான். என்றைக்கு விழும் என்பதுதான் தெரியாது.

லோயன் ஏரியின் கதை இன்னும் கொடுமை. இதுவும் பனியாறு தோண்டிய குழிதான். ஃபியர்டின் தலைப்பக்கம் கொஞ்சம் மேட்டில் இருப்பதால் ஏரியாகிவிட்டது. 1905-இல் ராம்னே மலையிலிருந்து பாறை விழுந்து, எழுந்த அலையில் 61 பேர் இறந்தார்கள். ஏரியில் ஓடிய சிறு நீராவிப் படகைத் தூக்கிக் கரைக்கு மேலே எறிந்தது அந்த அலை. விழ வேண்டியது விழுந்துவிட்டது என்று எண்ணி அங்கேயே வீடு கட்டினார்கள். 1936-இல் அதே மலை மறுபடி விழுந்தது. இந்த முறை 74 பேர். படகு இன்னும் உள்ளே தள்ளப்பட்டது.

ஏன் தப்ப முடியவில்லை? ஆழத்தில் அலையின் வேகம் என்ன என்று பார்த்தால் புரியும். புவியீர்ப்பு முடுக்கத்தை ஆழத்தால் பெருக்கி வர்க்கமூலம் எடுங்கள். 300 மீட்டர் ஆழத்தில் வினாடிக்கு 54 மீட்டர். மணிக்கு 195 கிலோமீட்டர். குறுகிய ஃபியர்டில் அலை விரிந்து சோர்ந்துபோகவும் இடமில்லை. பனி எவ்வளவு ஆழமாக வெட்டியதோ, அவ்வளவு வேகமாக அலை வரும்.

இதெல்லாம் முடிந்துபோன விஷயம் அல்ல. கிழக்கு கிரீன்லாந்தில் டிக்சன் ஃபியர்டு என்று ஒன்று. அங்கே ஒரு மலைச்சரிவின் அடிவாரத்துக்கு முட்டாக இருந்த பனியாறு, பூமி சூடேறியதில் மெலிந்துகொண்டே வந்தது. 2023 செப்டம்பர் 16 அன்று சுமார் 250 லட்சம் கன மீட்டர் பாறையும் பனியும் சரிந்து ஃபியர்டில் விழுந்தன. அலை 200 மீட்டர் வரை எழும்பியது. அங்கே குடியிருப்பு இல்லாததால் உயிர்ச்சேதம் இல்லை. அதிசயம் என்னவென்றால், அதன் பிறகு ஒன்பது நாள் உலகம் முழுக்க உள்ள பூகம்பப் பதிவுக் கருவிகள் ஒரே தாளத்தில் சன்னமான அதிர்வைக் காட்டிக்கொண்டிருந்தன. காரணம் தெரியாமல் விஞ்ஞானிகள் தலையைச் சொறிந்தார்கள். கடைசியில் பார்த்தால், ஃபியர்டுத் தண்ணீர் தொட்டியில் அலம்புவது போல ஒரு சுவரிலிருந்து மறு சுவருக்குப் போய்ப் போய் வந்திருக்கிறது!

நாமும் சரிபார்க்கலாம். அகலம் 2,700 மீட்டர், ஆழம் 540 மீட்டர். ஒரு முறை போய்த் திரும்ப 5,400 மீட்டர். வேகம் வினாடிக்கு 72.8 மீட்டர், நேரம் 74 வினாடி. கருவிகள் காட்டியது சுமார் 90 வினாடி. நாம் ஃபியர்டை நேர்ச் செவ்வகமாக வைத்துக் கணக்கிட்டோம். ஓரங்களில் ஆழம் குறைவதால் உண்மையில் அலை மெதுவாகப் போகிறது. டிப்ளமோ கணக்குக்கு இவ்வளவு நெருங்கி வந்ததே பெரிசு.

காவல்

விழுவதைத் தடுக்க முடியாது; பல லட்சம் கன மீட்டருக்கு ரீடெய்னிங் வால் எங்கே கட்டுவது? செய்யக்கூடியது அளப்பது. நார்வேயில் கெய்ராங்கர் என்ற புகழ்பெற்ற ஃபியர்டுக்கு அருகே ஆக்னெஸ் என்ற சரிவு வருடத்துக்குச் சில சென்டிமீட்டர் இறங்கிக்கொண்டிருக்கிறது. விரிசலின் குறுக்கே எக்ஸ்டென்சோமீட்டர், துளைக்குள் கருவிகள், ஜி.பி.எஸ்., எதிர்க்கரையிலிருந்து ரேடார் என்று இரவு பகலாகக் காவல். அலை கிளம்பினால் கெய்ராங்கர், ஹெலசில்ட் ஊர்களுக்குக் கிடைப்பது பத்து நிமிடம் அளவுதான். ஆகவே விழுந்த பிறகு ஓடுவது என்ற பேச்சே இல்லை. வேகம் கூடுவதைக் கண்டு பல நாள் முன்பே ஊரைக் காலி செய்வதுதான் திட்டம்.

அது நடைமுறையில் எப்படி இருக்கும் என்பதற்கு ரும்ஸ்டால் பள்ளத்தாக்கு சாட்சி. பனியாறு வெட்டிய அந்தப் பள்ளத்தாக்கின் மேலே வெஸ்லமன்னன் என்ற பாறை முனை 2014-இல் வேகமெடுத்தது. கீழே இருந்த சில குடும்பங்களை வெளியேற்றினார்கள், ரயிலை நிறுத்தினார்கள். பாறை விழவில்லை. திரும்ப வந்தார்கள். அடுத்த மழைக்கு மறுபடி வேகம், மறுபடி வெளியேற்றம். 2017-இல் மேலே தண்ணீரை ஏற்றி விரிசலில் பாய்ச்சி விழவைக்கவும் பார்த்தார்கள், அதற்கும் மசியவில்லை. மாட்டையும் பெட்டியையும் தூக்கிக்கொண்டு ஐந்து ஆண்டில் பதினாறு முறை வெளியேற வேண்டியிருந்தால் யாருக்குத்தான் சலிக்காது? 2019 செப்டம்பர் 5 அன்று அது விழுந்தது. வீடுகள் காலியாக இருந்தன. ஒருவருக்கும் காயமில்லை. ஆக்னெஸ் இன்னும் நகர்ந்துகொண்டிருக்கிறது.